அளவு கொடுக்க வந்தவர்

எங்கள் ஊரில் யாருடைய கொடும்பாவியை எரிப்பதாக இருந்தாலும், அவர் முன்கூட்டியே நகராட்சி அலுவலகத்துக்கு வந்து அளவு கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அந்த அளவை எடுப்பது என் வேலை. பதினோரு வருடமாக எடுக்கிறேன். பிறப்பு இறப்புப் பதிவுக்கு அடுத்த அறை எங்களுடையது. கதவில் ‘கொடும்பாவிப் பிரிவு’ என்று பலகை இருக்கும். காலை பத்திலிருந்து ஒரு மணிவரை அளவு. மத்தியானத்துக்கு மேல் வைக்கோல் வேலை.

முன்பெல்லாம் இந்த ஒழுங்கு கிடையாது. கோபம் வந்தவர்கள் தாங்களே குத்துமதிப்பாக ஒரு பொம்மையைக் கட்டி, பழைய சட்டையை மாட்டி, கழுத்தில் பெயரெழுதித் தொங்கவிட்டு எரித்தார்கள். கொடும்பாவி எரிந்தால் உரியவருக்கு மூன்று நாள் காய்ச்சல் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் காய்ச்சல் அட்டையில் எழுதிய பெயரைப் பார்த்து வருவதில்லை. பொம்மையின் உடம்பளவைப் பார்த்து வருகிறது. இது தெரியாமல் அன்றிருந்த நகராட்சித் தலைவரை ஒரே மாதத்தில் ஆறு முறை எரித்தார்கள். தலைவர் கல்லுக்குண்டு மாதிரி நடமாடிக்கொண்டிருந்தார். பேருந்து நிலையத்தில் வடை போடும் செல்லத்துரை என்பவர்தான் ஆறு முறையும் படுத்தார். அவருக்கும் பொம்மைக்கும் தோளும் இடுப்பும் ஒன்றாக இருந்தன. எழுந்து உட்கார முடிந்ததும் அவர் நகராட்சிக்கு ஒரு மனு எழுதினார். எங்கள் பிரிவு அந்த மனுவால் உண்டானது.

இப்போதைய தலைவர் பரமானந்தம் நாற்பத்தொரு முறை எரிந்தவர். குடிநீர், தெருநாய், குப்பை வண்டி, எதற்கும் அவர்தான். அளவு கொடுக்க வரும்போது சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு இரண்டு கைகளையும் நீட்டி நிற்பார்.

“இடுப்பை முப்பத்தாறுன்னு போட்டுக்கோம்மா. யாருக்குத் தெரியப்போகுது?” என்பார்.

நாற்பத்திரண்டை முப்பத்தாறு என்று எழுதினால் ஊரில் ஒல்லியான யாரோ ஒருவர் படுத்துவிடுவார். நான் எழுதமாட்டேன். பதினோரு வருடத்தில் கால் அங்குலம்கூட மாற்றி எழுதியதில்லை. அது என் திமிர் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நிறுவனங்களை எரிப்பதும் உண்டு. எங்கள் ஊர்ப் பண்டகசாலையைப் பலமுறை எரித்திருக்கிறார்கள். முழுக் கட்டடத்தையும் கட்ட வைக்கோல் காணாது என்பதால் வாசற்கதவை மட்டும் அளந்து, கதவை மட்டும் கட்டி எரிப்போம். காய்ச்சல் கதவுக்கு வரும். மூன்று நாளும் கைப்பிடியில் துணியைச் சுற்றித்தான் திறப்பார்கள்.

யோசனைகளின் விஷயம் வேறு. அவர்கள் பார்ப்பதற்கு நம்மைப் போலவே இருப்பார்கள், நேரில் வந்து அளவும் கொடுப்பார்கள். ஆனால் பிடிக்காத யோசனைக்கு யாரும் ஒரு வாய் சோறு போடமாட்டார்கள். உடம்பில் சத்து இருக்காது. தலைவர் மாத்திரை போட்டுக்கொண்டு கூட்டம் நடத்துகிற அதே காய்ச்சலில் ஒரு யோசனை இரண்டாம் நாள் போய்விடும். அப்படிப் போனவர்களை அலுவலகத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் புதைக்கிறோம்.

கடைசியாகப் புதைத்தது திருவிழாவில் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி வேண்டாம் என்ற யோசனையை. குள்ளமான ஆள், மெதுவாகப் பேசுவார். அளவெடுக்கும்போது என் நாடாவின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டு உதவினார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. ஆனால் நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. சரியாக அளந்து, சரியாக எழுதி, முத்திரை வைத்தேன். அவர் செவ்வாய்க்கிழமை இறந்தார். குழிக்கு வந்தது நானும், வைக்கோல் அடைக்கும் அந்தோணியும் மட்டும்தான். அதன் பிறகு ஒவ்வொரு திருவிழாவிலும் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படுக்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கும்.

இந்த வருடம் ஐப்பசி பிறப்பதற்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை, தங்கப்பழம் அண்ணாச்சி ஒரு மனுவோடு பிரிவுக்கு வந்தார். அண்ணாச்சி எங்கள் கண்மாய் நகர் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். இரும்புக் கதவு போட்ட காம்பவுண்டுச் சுவர் எங்கள் தெருவில் முதலில் கட்டியது அவர்தான். மனுவில் வீட்டுக்கு ஒன்றாக முன்னூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகள், கதவு எண் வரிசைப்படி இருந்தன. இருபது இருந்தாலே போதும்.

“பேருக்குக்கூட ஒரு வீடு பாக்கி இல்ல, செண்பகம்” என்றார்.

எனக்கும் தெரியும். பதினேழாவது கையெழுத்து என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து கேட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டு போட்டேன். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று சொல்லமாட்டேன், மனதாரத்தான் போட்டேன்.

அவர்கள் எரிக்கக் கேட்டது, கண்மாய் நகர் நடுத்தெருவில் பழைய ஓடையைத் திறந்துவிட வேண்டும் என்ற யோசனையை. அது நடந்தால் தெருவின் இருபக்கமும் வீட்டுக்கு ஆறடி போகும். அண்ணாச்சியின் சுவரும் இரும்புக் கதவும் போகும். எனக்கு வாசற்படி இரண்டும் முன்னறையில் பாதியும் போகும். எங்கள் தெரு கண்மாயாக இருந்தது எங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. தெருப்பெயரிலேயே இருக்கிறது. நான் மனை பார்க்கப் போனபோது காலடியில் நண்டு வளை இருந்தது. அதன் மேல் நின்றுதான் பத்திரத்தைப் படித்தேன். தெரிந்ததையே ஒருவர் வந்து வாய்விட்டுச் சொல்லும்போது வருகிற கோபத்துக்கு அளவே இல்லை.

அந்த யோசனை அடுத்த நாள் பத்து மணிக்கு வந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தார். செருப்பைக் கையில் பிடித்திருந்தார். வெளியே தார் ரோடு காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது.

“அளவு குடுக்கணும்னு சொன்னாக, தாயி.”

“செருப்பைக் கீழ வைங்கக்கா. கையைத் தூக்குங்க.”

வைப்பதற்கு இடம் தேடுவதுபோலத் தரையை இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு மேசை மேல் வைத்தார். தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் என்று பதினோரு அளவும் எடுத்தேன். மேல்கையைச் சுற்றி நாடாவைப் போட்டபோது ஆறரை அங்குலம்தான் வந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு இருக்கிற கை. எரிப்பது திங்கட்கிழமை பதினோரு மணிக்கு என்று சொன்னேன்.

“வர்ற புதன்கிழமை மன்றக் கூட்டத்துல என் முறை வருது. மழைக்கு முந்தியே எழுதிக் குடுத்தது. அன்னைக்கு நான் இருக்கணும்ல?” என்றார்.

எங்கள் மன்றத்தில் ஒரு யோசனையின் பெயரைக் கூப்பிடும்போது அது இரண்டு காலில் எழுந்து நிற்க வேண்டும். நின்றால் விவாதம், இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். திங்கட்கிழமை எரிந்தால் செவ்வாய்க்கிழமை தொட்டி ஓரம். புதன்கிழமை நிற்க ஆள் இருக்காது. அண்ணாச்சி தேதியை யோசித்துத்தான் போட்டிருந்தார்.

அளவு கொடுத்தவர் எரிக்கும்வரை ஊரைவிட்டுப் போகக் கூடாது. தங்க இடம் கிடைக்காவிட்டால் பிரிவுப் பொறுப்பாளர் தன் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது. பேருந்து நிலையத்தில் இருக்கிற மூன்று விடுதியிலும் அறை இல்லை என்றார்கள். நான் என் ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கால் இரண்டையும் தூக்கியபடியே உட்கார்ந்து வந்தார். தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். என் கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார், மாதம் ஒருமுறை வருவார். ஆகவே வீட்டில் கேள்வி கேட்க யாரும் இல்லை.

பின்பக்கம் கைகால் கழுவப் போனவர் என் துணி துவைக்கும் கல்லின் முன்னால் நின்றுவிட்டார். பெரிய கருங்கல். வீடு கட்டும்போது கிடைத்தது. நடுவில் வட்டமாக ஒரு துளை இருக்கும். அழுக்குத் தண்ணீர் தேங்காமல் அது வழியாகப் போய்விடும்.

“இது கண்மாய் மடைக்கல்லுல்ல?” என்றார்.

“துவைக்கிற கல்லு” என்றேன்.

அவர் குனிந்து துளைக்குள் கையைவிட்டுப் பார்த்துவிட்டு எழுந்தார். எனக்குத்தான் அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை. அவர்மேல் எரிச்சலாக இருந்தது. விருந்தாளியாக வந்தவர் வந்த அன்றே கல்லைப் பற்றிப் பேசியிருக்க வேண்டாம்.

காலையில் அவர் பாயைச் சுருட்டியபோது, படுத்திருந்த இடத்தில் தரை நனைந்திருந்தது. துடைத்தேன். மறுநாளும் துடைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருக்காரர்கள் எங்கள் சுவருக்கு மேலாகச் செருப்பு வீசினார்கள். கெட்ட வார்த்தைகளும் வந்தன. அதில் பாதி எனக்கு. மாடிப்படியில் நின்று யார் யார் என்று பார்த்தேன். கதவு எண் ஒன்பது, பதினான்கு, இருபத்திரண்டு. எதிர்வீட்டு டீச்சர் குறிதவறி என் துளசித் தொட்டியை உடைத்தார். யோசனை ஒவ்வொரு செருப்பாகப் பொறுக்கி மடைக்கல்லின் மேல் வரிசையாக வைத்தார். பத்தொன்பது செருப்பு, ஒன்றுக்கும் ஜோடி இல்லை. ஆளுக்கு ஒற்றைச் செருப்பு வீசுவதுதான் எங்கள் தெருப் பழக்கம். மற்றதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் அல்லவா?

சனிக்கிழமை விடிந்ததும் அவர் அவற்றை ஒரு சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். நானும் கூடப் போனேன், பொறுப்பாளர் என்ற முறையில்.

“இது உங்களுதுதான? வலது கால்” என்று அண்ணாச்சியிடம் நீட்டினார்.

அது போன வாரம் வாங்கியது. அண்ணாச்சி வாங்கிக் காலில் போட்டுப் பார்த்துக்கொண்டார். “சரி, போங்க” என்று மட்டும் சொன்னார்.

இருபத்திரண்டாம் எண் வீட்டைத் தாண்டும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. சாக்கைக் கீழே வைக்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கையில் கனமே இல்லை.

“இப்படியே ஊரைவிட்டுப் போயிருங்களேன்க்கா. நான் பாக்கலைன்னு சொல்லிர்றேன்” என்றேன்.

“போகலாம். அப்புறம் தண்ணி வர்ற அன்னைக்கு வரணும். அன்னைக்கு வந்தா எனக்குப் பேரு யோசனை இல்ல தாயி, வெள்ளம்” என்றார். பிறகு, “இன்னும் எத்தனை செருப்பு இருக்கு?” என்று கேட்டார்.

ஏழு இருந்தது. ஏழையும் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினோம்.

அன்று அரை நாள் அலுவலகம். போகிற வழியில் முடிவு செய்துவிட்டேன். அந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை. என் முன்னறையில் பாதியை எடுக்கச் சொல்கிறவரை எனக்கு எப்படிப் பிடிக்கும்? மன்றத்தில் எனக்கு ஓட்டு இருந்தால் வேண்டாம் என்றுதான் போடுவேன். ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக இன்னொருவர் என் நாடாவில் சாக முடியாது. ஏற்கெனவே ஒருவர் செத்திருக்கிறார். பிடித்தவரையே காப்பாற்றாத எனக்கு, பிடிக்காதவரைக் காப்பாற்றுவதில் என்ன கஷ்டம் இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

படிவத்தைப் பிரித்துப் பார்த்தேன். ‘அளவுகள்’ என்றுதான் தலைப்பு இருக்கிறது. யாருடைய அளவு என்று கேட்கவில்லை. பதினோரு வருடம் அதே படிவத்தை நிரப்பியும் எனக்கு இது கண்ணில் படவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு, புதுப் படிவத்தில் என் அளவை எழுதத் தொடங்கினேன். இடுப்பு, மார்பு, கை எல்லாம் நானே எடுத்துக்கொண்டேன். தோளை மட்டும் ஒருவர் தனக்குத் தானே அளக்க முடியாது. பக்கத்து அறைக்குப் போய் அந்தோணியைக் கேட்டேன். அந்தோணி வைக்கோல் வேலைக்கு வருவதற்கு முன்னால் தையல்காரர். இன்றும் என் ரவிக்கைகளை அவர்தான் தைக்கிறார்.

“பதினஞ்சே கால், மேடம். தீபாவளிக்குத் துணி எடுத்தாச்சா?”

“இல்ல” என்று படிவத்தைக் கொடுத்தேன்.

அவர் பதினோரு வரியையும் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். என் அளவு அவருக்கு மனப்பாடம்.

“காய்ச்சல் உங்களுக்கு வந்துரும், மேடம்.”

“வரட்டும்.”

“மூணு நாள்.”

“லீவு இருக்கு. அளவு பிசகாம அடைங்க அந்தோணி. ஒரு இஞ்ச் குறைஞ்சாலும் யார் வீட்டுப் பொண்ணாவது படுத்துருவா.”

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து என் மேசைக்கு வந்து, “அடியில கொஞ்சம் ஈர வைக்கோல் போட்டுக்கிறேன். சூடு குறையும். ஆனா புகை இருக்கும், இருமுவீங்க” என்றார். இருமலுக்கு ஒத்துக்கொண்டேன். திங்கட்கிழமை முற்பகல் பதினொன்று முதல் புதன்கிழமை மாலைவரை எதிர்பார்க்கப்படும் காய்ச்சலுக்காக விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். கண்காணிப்பாளர் பச்சை மையில் அனுமதித்தார்.

பிரிவைப் பூட்டிப்போடக் கூடாது. அந்த மூன்று நாளும் என் நாற்காலியில் யார் உட்காருவது என்ற பிரச்சினை இருந்தது. அந்தோணிக்கு எழுத்து வேலை ஆகாது. யோசனைக்கு மன்றத்துக்கு எழுதிக் கொடுத்த பழக்கம் உண்டு, கையெழுத்தும் சுத்தமாக இருக்கும். கண்காணிப்பாளரிடம் சொன்னேன். “யாராச்சும் உக்காந்திருந்தா சரி” என்று தற்காலிக ஆணை போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்குக் கொடும்பாவியைப் பேருந்து நிலையத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினோம். கண்மாய் நகர் முழுக்க வந்திருந்தது. தங்கப்பழம் அண்ணாச்சி பொம்மையைச் சுற்றிவந்து பார்த்தார். அதன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். என் தோளில் லேசாக வலித்தது.

“என்ன செண்பகம், ஆளு இவ்வளவு தாட்டியாவா இருந்துச்சு?”

“சேலையைத் தூக்கிச் செருகியிருந்ததுல ஒல்லியாத் தெரிஞ்சிருக்கும் அண்ணாச்சி. அளவு எடுத்தா இதுதான்.”

“படிவத்தைக் காட்டு.”

காட்டினேன். பதினோரு வரியும் முத்திரையும் இருந்தன. அண்ணாச்சி முத்திரையை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எங்கள் ஊரில் ஆளை நம்பாவிட்டாலும் முத்திரையை நம்புவார்கள். அட்டையில் யோசனையின் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்துத்தான் கத்தினார்கள். அதற்குக் கீழே என் இடுப்பும் என் தோளும் நின்றுகொண்டிருந்தன. ஊரே என்னைத் திட்டுவதை நேரெதிரே நின்று கேட்டேன். முழுக்க முழுக்க வேறொருவர் பெயரில்.

செருப்பு மாலை போட்டார்கள். கழுத்தில் உறுத்தியது. அண்ணாச்சி தீயை வைத்தார். கொடும்பாவி முழுவதும் எரிந்தது என்று சான்று எழுதி அதே இடத்தில் கையொப்பமிட வேண்டியது என் கடமை. முதலில் பாதம் சுட்டது. பிறகு முழங்கால். நாடாவை உள்ளங்கையில் சுற்றி இறுகப் பிடித்துக்கொண்டேன். ஈர வைக்கோல் புகைந்தபோது இருமல் வந்தது. பக்கத்தில் நின்றவர்களும் இருமியதால் தெரியவில்லை. மார்பு எரிந்து விழும்போது தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் சாயவில்லை. கடைசியில் தலை விழுந்ததும் தேதி போட்டு, நேரம் போட்டு, முழுப் பெயரையும் எழுதினேன். செண்பகவல்லி என்பதில் ஒரு எழுத்துக்கூடக் கோணவில்லை. பிறகு எடுத்துப் பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தது.

தலைவர் பரமானந்தம் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். தன்னை எரிக்காத நாட்களிலும் அவர் வருவார். என் முகத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்து என் கையில் வைத்தார்.

“சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு. நெத்தியில ஈரத்துணி. மொதத் தடவை கொஞ்சம் கடுமையா இருக்கும்மா. ரெண்டாவது அவ்வளவு தெரியாது” என்றார்.

மூன்று நாளும் எரிந்தேன். அவ்வளவுதான் சொல்ல முடியும். யோசனை காலையில் கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டு, என் நாடாவை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனார். சாயங்காலம் வந்து மறுபடியும் கஞ்சி காய்ச்சினார். நெற்றியில் போடுவதற்கு அவர் துணியை நனைத்து நான் பார்த்ததில்லை, அவர் கையிலிருந்தாலே துணி ஈரமாகிவிடும். செவ்வாய்க்கிழமை நான் கண்விழித்தபோதெல்லாம் அவர் இருக்கிறாரா என்று பாயைப் பார்த்தேன். மாலையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன்.

புதன்கிழமை மன்றத்திலிருந்து திரும்பியவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“எந்திரிச்சு நின்னீங்களா?” என்று கேட்டேன்.

“நின்னேன் தாயி. பேரைக் கூப்பிட்டதும் அண்ணாச்சி கேலரியில இருந்து எட்டிப் பாத்தாரு. அப்படியே உக்காந்துட்டாரு.”

“என்ன ஆச்சு?”

“வேணாம்னுட்டாக. இருபத்து நாலு பேரும்.”

“தலைவரு?”

“அவரு மொதல்ல கையைத் தூக்கினாரு.” மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்துக் காட்டினார். நிராகரிக்கப்பட்ட யோசனை ஆறு மாதம் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று அதில் அச்சடித்திருந்தது. செத்துப்போனவர்களுக்கு அந்தக் காகிதம் கொடுப்பதில்லை. “ஆறு மாசம்தான?” என்றார். அந்தக் காகிதத்தின் ஓரமெல்லாம் நனைந்திருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் முன்னறைக்கு இன்னும் ஆறு மாதம் ஆயுள் என்ற சந்தோஷம் ஒன்று. அதைவிடப் பெரியது மற்றது.

வியாழக்கிழமை குளித்துவிட்டு அலுவலகம் போனேன். என் நாற்காலியில் யோசனை உட்கார்ந்திருந்தார். நாடா அவர் கழுத்தில் தொங்கியது. மேசைக்கு எதிரில் தங்கப்பழம் அண்ணாச்சி நின்றிருந்தார். அவர் கையில் ஒரு மனு.

“மூணு நாளா இதுகிட்டயே வந்து இது ஏன் சாகலைன்னு கேட்டுட்டுப் போறேன். எனக்குத் தெரியாதுங்குது. அப்புறம் நாங்க உக்காந்து யோசிச்சோம். நீ லீவுல இருந்தது தெரிஞ்சுபோச்சு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இப்ப காய்ச்சல் விட்டுருச்சா?” என்று கேட்டார்.

“விட்டுருச்சு அண்ணாச்சி.”

“நல்லது” என்று மனுவை மேசைமேல் வைத்தார்.

கொடும்பாவிப் பிரிவு உதவியாளர் செண்பகவல்லியை எரிக்க அனுமதி கேட்டு எழுதியிருந்தார்கள். வாசகம் சுத்தமாக இருந்தது. குற்றச்சாட்டும் சரிதான். கையெழுத்துகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கதவு எண் பதினாறுக்கு அடுத்தது பதினெட்டு. நடுவில் ஒரு வரியை விட்டிருந்தார்கள்.

“பதினேழு காலியா இருக்கு அண்ணாச்சி. இடையில காலியா விட்டா மனு செல்லாது.”

“அது உன் வீடும்மா. உன்கிட்ட எப்படிக் கேக்கறது?”

“வீட்டுக்கு ஒண்ணுன்னா வீட்டுக்கு ஒண்ணுதான்.”

பேனாவை வாங்கிப் பதினேழாவது வரியில் கையெழுத்துப் போட்டேன். அண்ணாச்சி எட்டிப் பார்த்து, “இப்பச் சரியா இருக்கா?” என்றார். சரியாக இருந்தது.

தன்மேல் மனு நிலுவையில் இருக்கிற ஊழியர் நாற்காலியில் உட்காரக் கூடாது. கண்காணிப்பாளர் யோசனையின் தற்காலிக ஆணையை மறு உத்தரவுவரை நீட்டித்துக் கையெழுத்திட்டார். யோசனை எழுந்து என் முன்னால் வந்து நின்றார்.

“கையைத் தூக்கு தாயி.”

தூக்கினேன். தோளை அளந்துவிட்டுப் பதினஞ்சே கால் என்றார். பக்கத்து அறையில் அந்தோணி ஆமாம் என்றார். மூன்று நாள் காய்ச்சலில் இடுப்பு ஒன்றரை அங்குலம் குறைந்திருந்தது. பழைய அளவையே எழுதிவிடுவாரோ என்று கவனித்தேன். அவர் நாடாவில் இருந்ததைத்தான் எழுதினார். திங்கட்கிழமை, பதினோரு மணி என்று தேதியைச் சொன்னார்.

அளவு கொடுத்தவர் எரிக்கும்வரை ஊரைவிட்டுப் போகக் கூடாது. மனு முடியும்வரை ஊழியர் தன் பெயரில் இருக்கிற வீட்டில் தங்கக் கூடாது என்ற விதியையும் அண்ணாச்சி நினைவுபடுத்தினார். விடுதிகளில் அறை இல்லை. விதிப்படி பிரிவுப் பொறுப்பாளர், இப்போது யோசனை, தன் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

ஐந்தே முக்கால் மணிக்கு யோசனை அறையைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். இருவரும் நடந்தே போனோம். வானத்தில் மேகமே இல்லை, ரோடு காய்ந்து கிடந்தது. கண்மாய் நகர் வளைவுக்கு வந்ததும் அவர் கொஞ்சம் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நடுத்தெருவில் பழைய ஓடைக்குள் இறங்கினோம். டீச்சர் வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றார், அண்ணாச்சி சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தது. தண்ணீர் முழங்கால்வரை இருந்தது, நல்ல குளிர்ச்சி. நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.